அறுபது நாளும் ஒரு 555 புத்தகமும்

2021 மே 30, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயந்திரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் நிமிடக் கணக்காகச் சொல்ல முடியும். பந்தாய் டாலாமில் அத்தை வீட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கவிழ்த்து வைத்த மைலோ டின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஜூமில் 1974 பாலிங் போராட்டத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் விலை விழுந்து அரிசி, சீனி விலை ஏறியபோது கெடாவில் விவசாயிகள் தெருவுக்கு வந்ததும், அந்த டிசம்பரில் கோலாலம்பூர் மாணவர்கள் சிலாங்கூர் கிளப் திடலில் கூடி ஆயிரத்துக்கும் மேல் கைதானதும், அதற்குப் பதிலடியாக 1975-இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், அதாவது நாங்கள் சொல்லும் 'ஆக்கு', இறுக்கப்பட்டதும் எனக்கு மனப்பாடம். நன்றாகத்தான் பேசினேன். இரண்டு பேர் கைதட்டல் படம் போட்டார்கள். அதே சாயந்திரம், எங்களை நம்பியிருந்த, வேலை போன எட்டுப் பெண்களுக்கு மனு கொடுக்கச் சட்டம் கொடுத்திருந்த 60 நாள் கெடு முடிந்துகொண்டிருந்தது. வட்டத்தில் இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

இதை எழுத மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். கைதாவது எப்படி, போலீஸ் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று சொல்லித்தர எங்களுக்கு ஆள் இருந்தார்கள். பணத்தை எங்கே வைப்பது, எந்தப் பாரத்தை எந்தத் தேதிக்குள் நிரப்புவது, பரீட்சை நெருங்கும்போது யாரிடம் வேலையை ஒப்படைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த குடும்பம். அம்மா ஒரு பள்ளியில் கொன்ராக், அதாவது ஒப்பந்த, கிளீனர். அப்பா லோரி அட்டெண்டன்ட். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் அவர் வேலை நின்றது, திரும்ப வரவே இல்லை. நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. விடுதியைக் காலி செய்யச் சொன்னதும் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். இடதுசாரி வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். மலாய் நண்பர்கள் நால்வர், சீனர் மூவர், சரவாக்கிலிருந்து ஒருவர், தமிழ் பேச நான் ஒருத்தி. வங்கிக்கடன் தவணைக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தவர்கள் மூச்சு விட்டார்கள். வங்கியே கடன் கொடுக்காத என் அப்பாவைப் போன்றவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. இதை முதல்முறை அந்த வட்டத்தில் சொன்னபோது யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை, "ஏன் அப்படி?" என்று கேட்டார்கள். அதற்காகவே அவர்களைப் பிடித்துப்போனது. இன்றும் அந்தக் கேள்வியை நான் விட்டுவிடவில்லை.

2021 மார்ச் 31 அன்று, எங்கள் விடுதிகளைக் கூட்டிய கம்பெனி 27 கிளீனர்களில் எட்டுப் பேருக்குக் கடிதம் கொடுத்தது. விடுதிகள் காலி, ஆள் குறைப்பு, நாளையிலிருந்து வர வேண்டாம். மார்ச் சம்பளமும் கைக்கு வரவில்லை. எட்டுப் பேரும் தமிழ்ப் பெண்கள், அதில் மூன்று பேர் முந்தின மாதம்தான் சம்பளச் சீட்டு ஏன் தருவதில்லை என்று சூப்பர்வைசரிடம் கேட்டவர்கள். அவர்களில் ஓர் அக்கா அத்தை வீட்டுக்குப் பக்கத்து புளோக்கில், ஏழாவது மாடியில் இருந்தார். அத்தைதான் கூட்டிப்போனார். அக்கா கடிதத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "பாப்பா, இதுல என்னா போட்டிருக்கான், படிச்சு சொல்லு. நான் பதினோரு வருசமா அதே நாலு மாடியத்தான் கூட்டுறேன்." படித்துச் சொன்னேன். கடிதத்தில் மூன்று வருட சேவை என்றுதான் இருந்தது. கொன்ராக் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் வேலை அதேதான், துடைப்பம் அதேதான், ஆனால் புதுக் கம்பெனியின் கணக்கில் அவர் புது ஆள். பதினோரு வருடம் மூன்றாகத் தேய்ந்தது அப்படித்தான். இதை அம்மாவின் வாழ்க்கையில் இருபது தடவை பார்த்தவள்தான் நான். அன்று கடிதத்தில் பார்த்தபோது கை நடுங்கியது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. செய்தது என்னவென்றால், வீட்டுக்கு வந்து குழுவில் செய்தி போட்டேன். இரவோடு இரவாக நான்கு மொழியில் அறிக்கை தயாரானது. 'கொன்ராக் முறையை ஒழி' என்று சிவப்பில் போஸ்டர். அறிக்கையில் எந்தத் தவறும் இல்லை, இன்றும் ஒவ்வொரு வரியிலும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் எட்டுப் பேரின் கடிதங்களையும் ஒரு மேசையில் பரப்பி, தேதியைப் பார்த்து, காலண்டரில் வட்டம் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. 'தொழிலாளர் வர்க்கம்' என்று ஒரு பக்கத்தில் ஆறு தடவை எழுதியிருந்தோம். அக்காவின் சம்பளச் சீட்டு ஒன்றைக்கூட அதுவரை பார்த்ததில்லை.

ஏப்ரல் 16, சித்திரைப் புத்தாண்டு முடிந்து இரண்டாம் நாள், நோன்பு மாதத்தின் முதல் வெள்ளி. வளாக வாசலுக்கு வெளியே இடைவெளி விட்டுப் பதினான்கு பேர் அட்டை பிடித்து நின்றோம். மலாய்த் தோழர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றார்கள். நாற்பது நிமிடம். போலீஸ் வந்து பெயர், அடையாள அட்டை எண் எழுதிக்கொண்டு கலையச் சொன்னது. முந்தின ஜூனில் ஈப்போ மருத்துவமனைக்கு வெளியே கிளீனர்களுக்காக மறியல் செய்த தொழிற்சங்கத்தினர் ஐந்து பேரைக் கைது செய்ததால் நாங்களும் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தோம். கைது நடக்கவில்லை. என் பெயருக்கு மட்டும் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் 2,000 வெள்ளி (ரிங்கிட்) கொம்பவுண்ட், அதாவது அபராதச் சீட்டு, வந்தது. ஏற்பாட்டாளர் யார் என்று கேட்டபோது தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான், கை என் பக்கம் நீண்டுவிட்டது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்பதே எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மாணவர் அட்டை, அப்பாவின் வேலையிழப்புக் கடிதம், வீட்டு வருமான விவரம் எல்லாம் வைத்து எழுதிக் கொடுத்தேன், 800 ஆகக் குறைத்தார்கள். அபராதச் சீட்டு எதுவாக இருந்தாலும் முதலில் குறைப்பு உண்டா என்று கேளுங்கள். பயந்துபோய் உடனே கட்டாதீர்கள், கோபத்தில் கிழித்தும் போடாதீர்கள்.

அந்தப் பத்து நாளில்தான் பணம் வரத் தொடங்கியது. போஸ்டரின் அடியில் என் மேபேங்க் கணக்கு எண்ணைப் போட்டோம். ஏன் என்னுடையது? தமிழ் பேசுகிறவள், பெண்களுக்குப் பழக்கமானவள், "நீயே பார்த்துக்கோ" என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், மனிதர்கள் நம்பிப் பணம் அனுப்பும்போது ஒரு போதை வருகிறது. அதே கணக்கில்தான் என் பிடிபிடிஎன் கல்விக்கடனும் வரும், அம்மா அனுப்பும் ஐம்பதும் வரும். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. உங்கள் வயிற்றுப்பாட்டுக் கணக்கும் ஊர்ப் பணமும் ஒரே பானையில் கிடக்கவே கூடாது. ஒரு சங்கமோ தொழிற்சங்கமோ பதிவுபெற்ற அமைப்போ ஏற்கனவே இருந்தால், அவர்கள் கணக்கில் பணம் விழட்டும், அவர்கள் ரசீது கொடுக்கட்டும், நீங்கள் பட்டியலைக் கொடுங்கள். தெருவிலோ வீடுவீடாகவோ உண்டியல் குலுக்குவதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு வசூல் சட்டம் இருக்கிறது, போலீஸ் அனுமதி வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரிந்தது விசாரணைக் கடிதம் கையில் வந்த பிறகு.

மே 11 அன்று வாக்குமூலம் கொடுக்க போலீஸ் கூப்பிட்டது. '112' என்பார்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு. இதற்கு மட்டும் எங்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் காசு வாங்காமல் கூட வந்தார். உங்களையே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சொல்கிற பதில் உண்மையாக இருக்க வேண்டும், எழுதியதை முழுக்கப் படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. எல்லாம் சரியாகவே நடந்தது. கடைசியில் அதிகாரி, "போனைக் கொடுங்கள், விசாரணைக்கு வேண்டும்" என்றார். ஏழு வாரம் என் போன் அவர்களிடம் இருந்தது. எத்தனையோ செய்திகளை அழித்துவிட்டுப் போன நான், ஒன்றை மறந்துவிட்டேன். அரிசி, பால்மாவு, வாடகைக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றின் ரசீதுப் படங்களும் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தன. பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் வங்கியின் டிஏசி எண்ணும் அந்த சிம்முக்குத்தான் வரும். அன்று மாலை நான்கு குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய பணம் என் கணக்கில் கிடக்கிறது, எடுக்க வழியில்லை. அத்தையிடம் 200 வெள்ளி கடன் வாங்கிக் கையில் கொடுத்தேன். பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் எழுதி வாங்குங்கள், அதை நான் வாங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் கணக்கைத் தாளில் எழுதி வையுங்கள். தாளைச் சார்ஜ் போட வேண்டாம், பூட்டுத் திறக்கும் எண்ணும் வேண்டாம்.

அடுத்த வாரங்களில் நான் மனுஷியாகவே இல்லை. புதுப் போன் இல்லை, வாட்சாப் இல்லை, வகுப்புகள் மடிக்கணினியில். மே 7 முதல் கோலாலம்பூரில் மறுபடி கட்டுப்பாடு, ஜூன் 1 முதல் முழு முடக்கம். எட்டுப் பெண்களின் விஷயம் குழுவில் மெல்லப் பின்னுக்குப் போய், ஜூலையில் பெரிய போராட்டம் வரப்போகிறது என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. அதனால்தான் மே 30 அன்று நான் பாலிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, திங்கட்கிழமை. அக்கா கேட்டார் என்பதற்காகத் தொழிலாளர் இலாகாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நான்காவது முயற்சியில் எடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, பொறுமையானவர். நிலுவைச் சம்பளம், நோட்டீஸ் சம்பளம், ஆள் குறைப்புச் சலுகை இதெல்லாம் 1955 வேலைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் புகாராகக் கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் இல்லை என்றார். மனது லேசானது. பிறகு கேட்டார்: "நியாயமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் அது எங்களிடம் இல்லை, தொழிலியல் உறவு இலாகா. 20-ஆவது பிரிவு. எப்போது நிறுத்தினார்கள்?" மார்ச் 31 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "60 நாளைக்குள் மனு கொடுத்திருக்க வேண்டுமே" என்றார். பதினைந்து நாள் தாண்டிவிட்டது. சம்பளச் சீட்டு கேட்ட மூன்று பேரைப் பார்த்துப் பார்த்து நிறுத்தியதை, கடைசியில் வந்தவர்களை வைத்துக்கொண்டு பழையவர்களை அனுப்பியதை, கேட்க இருந்த ஒரே கதவு அது. நானே சொல்கிறேன், ஜெயித்திருப்போமா தெரியாது. ஆனால் கதவைத் தட்டக்கூட இல்லை.

அன்று இரவே இன்னொன்றும் தெரிந்தது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இலிருந்து நடப்பில் இருக்கிறது, சம்பளத்தில் 0.2 விழுக்காடு தொழிலாளியிடமிருந்தும் அதே அளவு முதலாளியிடமிருந்தும் பிடிக்கிறார்கள். அக்காவின் 1,200 வெள்ளிச் சம்பளத்தில் மாதம் இரண்டு வெள்ளிச் சொச்சம். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை உதவித்தொகை, பிறகு படிப்படியாகக் குறையும். அக்காவுக்கு முதல் மாதம் மட்டுமே தொள்ளாயிரத்துக்கு மேல் வந்திருக்கும். அதற்கும் விண்ணப்பக் கெடு 60 நாள். அதுவும் போயிருந்தது. எங்கள் போஸ்டரைப் பார்த்து முகம் தெரியாதவர்கள் பத்தும் இருபதுமாக அனுப்பிய பணத்தில் நான் அக்காவுக்கு அரிசி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர் பெயரில் அவரே கட்டிய பணம் அங்கே எடுப்பாரில்லாமல் கிடந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தை கதவைத் தட்டி, "தண்ணி பில்லு யாரு கட்டுறது?" என்றார்.

ஆகவே, யாராவது உங்களிடம் வேலைநீக்கக் கடிதத்தோடு வந்தால், முழக்கம் எழுதுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 60 நாள் எண்ணுங்கள், சனி ஞாயிறு எல்லாம் சேர்த்து. கடிதத்தில் ஆள் குறைப்பு என்று இருக்கிறதா, தவணைக் கொன்ராக் முடிந்தது என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். தவணை முடிந்து போகிறவர்களுக்கு அந்தக் காப்புறுதி பொருந்தாது. சேமநிதிக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு மாதமும் பணம் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆள் குறைப்புச் சலுகை இரண்டு வருடத்துக்குக் குறைந்தால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். நோட்டீஸ் முறையே 4, 6, 8 வாரம். இந்த ஆறு எண்ணும் என் வாசிப்பு வட்டத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருந்தால் மறியலுக்கு எட்டுப் பெண்களும் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அன்று வந்தது இரண்டு பேர்தான், மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று நாங்கள் 'உணர்வு மட்டம்' பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடி வந்தது. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டச் சொன்ன பிரச்சாரம். எங்கள் வட்டார பிளாட்டுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் பழைய தலையணை உறை தொங்கியது. மாத வாடகை 124 வெள்ளிதான், அதைக்கூடக் கட்ட முடியாத வீடுகள். என் கணக்கில் பணம் இன்னும் வேகமாக விழுந்தது. ஏப்ரல் தொடங்கி ஜூலை முடிய மொத்தம் 11,640 வெள்ளி. குழுவில் சண்டையும் அப்போதுதான் முற்றியது. "நாம் தர்மம் செய்ய வரவில்லை, அமைப்பு கட்ட வந்தோம்" என்றார் ஒரு தோழர். "பசிக்கிறவனிடம் அமைப்பைக் கொண்டுபோய் என்ன செய்ய?" என்று நான் கத்தினேன். இருவரும் சரி, இருவருமே வீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தோம் என்பதைத் தவிர. மூன்று பேர் சத்தமில்லாமல் விலகினார்கள். விலகியவர்கள் செய்த வேலையெல்லாம் என் மேல் விழுந்தது. யார் விலகினாலும் அவர் கையில் என்ன இருக்கிறது, எந்தக் குடும்பம், எவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். நட்பு முறியும் என்று கூச்சப்பட்டு நான் கேட்கவில்லை.

ஜூலை நடுவில் பிளாட் வாட்சாப் குழுவில் யாரோ குரல் பதிவு போட்டார்கள். "யுனிவர்சிட்டி புள்ளைங்க நம்ம பேர சொல்லி காசு வசூல் பண்ணி தின்னுட்டாங்க." அத்தையின் போனில்தான் கேட்டேன், என் போன் திரும்பி வந்திருந்தாலும் அந்தக் குழுவில் நான் இல்லை. மூன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10,260 வெள்ளிக்குத்தான் ஆதாரம் காட்ட முடிந்தது. 1,380 வெள்ளி எங்கே? கிராப், பெட்ரோல், இரவு பதினொரு மணிக்குப் பால்மாவு, கையில் கொடுத்த ஐம்பதுகள். ஒன்றைக்கூட நான் தின்னவில்லை, ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? என் கல்விக்கடனிலிருந்து 1,380-ஐ எடுத்துப் பத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பட்டியலைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அப்படிச் செய்தது குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது என்று பிறகு ஒருவர் சொன்னார். சரிதான்.

ஜூலை 31, 'லாவான்' (எதிர்த்து நில்) போராட்டம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மெர்டேக்கா சதுக்கத்தை நோக்கிப் போனோம். போலீஸ் திடலை அடைத்திருந்தது, வெளியே சாலையில் இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். பிரதமர் விலக வேண்டும், நாடாளுமன்றம் முழுமையாகக் கூட வேண்டும், கடன் தவணைக்குத் தானாகவே அவகாசம் வேண்டும் என்று மூன்று கோரிக்கை. 1974-இல் மாணவர்கள் கூடிய அதே திடல்தான் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. மெய்சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வரும் வழியில் ரயிலில் எனக்கு ஞாபகம் வந்தது, அடுத்த நாள் ஒரு ஆய்வுக் கட்டுரை ஒப்படைக்க வேண்டும், அதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். ஆக்குவின் 15ஏ பிரிவைக் காட்டி, மாணவர்கள் அனுமதியில்லாமல் பணம் வசூலித்தது ஒழுங்கு மீறல் என்றார்கள். பேச்சுக்காகவோ மறியலுக்காகவோ வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், அரிசிக்காக வந்தது. (2024-இல் சட்டத்தைத் திருத்தி மாணவர் அமைப்புகளே நிதியைக் கையாள வழி செய்தார்கள். அதனால் இப்போது யாரும் என்னைப் போல மாட்ட மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தனி ஆளின் கணக்கு தனி ஆளின் கணக்குதான்.) விசாரணை செப்டம்பரில், இணையத்தில். குற்றச்சாட்டின் முழு விவரத்தை எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் கொடுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். நான் தனியாகத்தான் உட்கார்ந்தேன். பழைய தோழர்கள் இருவருக்குச் செய்தி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அவர்களைக் கோபிக்கவும் முடியவில்லை, கடைசி ஆண்டு, கல்விக்கடன், வீட்டில் எதிர்பார்ப்பு. ஆனால் அந்த நீல டிக் இன்னும் உறுத்துகிறது.

விசாரணைக்கு முந்தின நாள் ஏழாவது மாடி அக்கா கூப்பிட்டு அனுப்பினார். அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். கடையில் கடன் எழுதுவார்களே, உள்ளங்கை அளவு, அதேதான். நீலப் பேனாவில் சாய்ந்த கையெழுத்து. 'ஏப்ரல் 22, அரிசி 10 கிலோ, எண்ணெய் 1, பாப்பா.' 'மே 11, 50 வெள்ளி கையில், அத்தை முகமா.' 'ஜூன் 3, மருந்துக்கு 38.' தனக்கு வந்தது மட்டுமில்லை, மற்ற ஏழு பேருக்கு வந்ததையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். எனக்குக் கணக்கில் இடித்த 1,380-இல் 960 வெள்ளி அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஒன்பது பட்டப்படிப்பு மாணவர்கள் கூகுள் ஷீட் திறந்துவைத்துச் செய்யாததை, நான்காம் வகுப்பு தமிழ்ப்பள்ளி படித்தவர் ஐம்பது காசு புத்தகத்தில் செய்திருந்தார். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். விசாரணைக் குழுவில் ஒரு பேராசிரியர் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். பணத்தைத் தின்றேன் என்ற பேச்சு அதோடு போயிற்று. அனுமதி வாங்காத குற்றத்துக்கு எச்சரிக்கையும் 150 வெள்ளி அபராதமும்.

அந்தப் பருவத்தில் இரண்டு பாடம் போயிற்று. ஒரு பருவம் நீட்டிப்பு, அதற்கான கட்டணமும் இதர செலவும் 1,100. கூட்டிப் பார்த்தால் கொம்பவுண்ட் 800, கையிலிருந்து போட்டது 1,380, அபராதம் 150, இந்த 1,100, ஆக 3,430 வெள்ளி. அம்மாவின் சம்பளத்தில் மூன்று மாதம். நீட்டிப்புப் பருவத்துக்குக் கல்விக்கடன் வரவில்லை. ராத்திரியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையில் கல்லாவில் நின்றேன். அம்மாவிடம் பாடம் போனதைச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொம்பளைங்களுக்குக் காசு வந்துச்சா?"

வந்தது. தொழிலாளர் இலாகாவில் ஜூனில் கொடுத்த புகார் நவம்பரில் தீர்ந்தது. மூன்று தடவை தேதி மாறியது, ஒவ்வொரு தடவையும் எட்டுப் பேரையும் போனில் எழுப்பி, கடிதம், அடையாள அட்டை நகல், வங்கிப் புத்தகம் சரிபார்த்து அனுப்பினேன். அக்காவுக்கு மார்ச் சம்பளம், ஆறு வார நோட்டீஸ் சம்பளம், மூன்று வருடத்துக்கு 45 நாள் கணக்கில் ஆள் குறைப்புச் சலுகை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். பதினோரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் கிடைத்திருக்க வேண்டியது இதைப் போல ஐந்து மடங்கு. அதை மாற்றத்தான் கொன்ராக் முறையே போக வேண்டும் என்கிறோம், அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. இப்போது நான் வாரம் ஒரு நாள் ஒரு தொழிலாளர் அமைப்பில் கடிதம் படித்துக் கொடுக்கிறேன். முதலில் கேட்பது தேதி.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால் அக்காவைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்துவிட்டு அந்த 555 புத்தகத்தை எடுத்து வைத்தார். கடைசிப் பக்கங்களில் நான் கையில் கொடுத்த ஐம்பதுகள் தனியாக எழுதியிருந்தன, மேலே 'கடன்' என்று. "அக்கா, அது கடன் இல்லக்கா, ஜனங்க குடுத்தது" என்றேன். "யாரு குடுத்தா எனக்கென்ன பாப்பா, எனக்குக் குடுத்தது நீதானே." மடித்து வைத்திருந்த ஐம்பது வெள்ளி நோட்டை மேசையில் வைத்து, ஒரு வரியை அடித்தார். இன்னும் ஐந்து வரி இருந்தது.